பாரசிங்கா: பெயரும் காப்பும்

தமிழில் மான் என்னும் ஒரு சொல்லாலேயே இருவேறு குடும்பத்து விலங்குகளைக் குறிக்கிறோம். ஆண்டுதோறும் கொம்பு உதிர்ந்து முளைக்கும் புள்ளிமானும் மான். கொம்பு உதிராத வெளிமானும் மான். அன்றாட வழக்கில் இதனால் குறைவொன்றுமில்லை. ஆயினும், அருகிவரும் விலங்கொன்றைக் காக்க முற்படுவோர், அது இன்னதென்று திட்டமாக அறிந்தாக வேண்டும். பாரசிங்கா என்னும் மானின் வரலாறு இதனை நன்கு விளக்கும்.

பன்னிரு கிளைக்கொம்புடையது என்பது அப்பெயரின் பொருள். காஷ்மீரத்து ஹங்குல் மானையும் வேட்டைக்காரர்கள் இப்பெயராலேயே அழைத்ததுண்டு; அதுவோ வேறோர் இனம். இத்தகைய மயக்கம் நேராதிருக்கவே விஞ்ஞானிகள் லத்தீன் பெயர்களைக் கைக்கொண்டனர். 1823-ல் பிரெஞ்சு அறிஞர் குவியே, இந்தியாவில் விலங்குகளைச் சேகரித்த துவோசெல் என்பவரின் பெயரைப் பாரசிங்காவுக்குச் சூட்டினார்.

ஆனால் மயக்கம் அத்துடன் தீரவில்லை. இமயத்தின் அடிவாரச் சதுப்புகளில் வாழும் பாரசிங்காவின் குளம்பு விரிந்தது. மத்தியப் பிரதேசத்துக் கான்ஹாவில், கெட்டித்தரையில் வாழ்வதன் குளம்பு இறுகியது. 1943-ல் போக்காக் என்னும் ஆங்கில அறிஞர் பின்னதைத் தனி உள்ளினமாகப் பிரித்து, பிராண்டர் என்ற வன அதிகாரியின் பெயரை இட்டார். அஸ்ஸாமின் பாரசிங்காவை மூன்றாம் உள்ளினமாக 1982-ல் குரோவ்ஸ் பிரித்தார். அது ரஞ்சித்சிங் பெயரைத் தாங்குகிறது. 1972-ல் டில்லியில் நிறைவேறிய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை உருவாக்கியதில் பங்குகொண்டவர் அவர்.

குளம்பை அளந்து பெயரிடுவதால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கலாம். 1970-ல் கான்ஹாவில் எஞ்சியவை 66 மான்களே. எல்லாம் ஒன்றே எனக் கொண்டிருந்தால், அவை அழிந்தாலும் அடிவாரத்திலிருந்து சிலவற்றைக் கொணர்ந்து விடலாமென்று வாளாவிருந்திருப்போம். தனி உள்ளினம் என அறிந்ததால், ஒரு வம்சமே அந்த 66 மான்களில் அடங்கியிருந்தது புலனாயிற்று. வேலியிட்டுக் குட்டிகளைக் காத்தனர், புல்வெளிகளைப் பேணினர். மந்தை நூற்றுக்கணக்கில் பெருகியது. 2015-ல் சாத்புரா காட்டிலும் அவற்றைக் குடியேற்றத் தொடங்கினர்.

வகைப்பாடு இன்றும் முடிந்த முடிபன்று. கொம்பையும் குளம்பையும் அளந்து வகுத்த எல்லைகளை இன்று மரபணுவைக் கொண்டு மீண்டும் ஆராய்கிறார்கள். பெயர் மாறினால் ஏட்டைத் திருத்திவிடலாம். அறியாமல் கலந்துவிட்ட மந்தைகளை மீண்டும் பிரித்தல் அரிது. ஐயம் தீரும்வரை அவற்றைத் தனித்தனியே காப்பதே அறிவுடைமை.