பிள்ளை சுகம், தாய் சுகமா?



பழைய தோழிகள் சந்தித்தால் முதலில் கேட்பது "எத்தனை பிள்ளைகள்?" என்றுதான். பெற்ற நேரம் எப்படி இருந்தது என்று எவரும் கேட்பதில்லை. இன்று அதைப் பற்றியே பேச வந்தேன்.

மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது 2014இல். என் மூத்த மகள் அதற்கு முன்னரே பிறந்துவிட்டாள். படுவான்கரையில் இருந்த நான் வலியோடு, விடிந்து பாதைப்படகு ஓடும்வரை துறையில் காத்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனதும் அவசர சிசேரியன். என்ன நடக்கிறது என்று எவரும் சொல்லவில்லை. கத்தியதற்கு ஏச்சுத்தான் கிடைத்தது.

இருவரும் உயிரோடு வீடு வந்தோம். அம்மா சரக்கு அரைத்துத் தந்தா. முப்பத்தொன்றும் முறையாக நடந்தது. எனக்கோ வாவியைக் கண்டாலே நெஞ்சு படபடத்தது. கண்ணை மூடினால் அந்த இரவுதான். பிள்ளையைத் தூக்கவும் மனம் வரவில்லை. "பிள்ளை சுகமாக இருக்கு, பிறகென்ன?" என்றார்கள். நான் நல்ல தாயில்லை என்றே நினைத்தேன்.

அது ஒரு நோய் என்று பிறகுதான் அறிந்தேன். பிரசவித்த சில நாட்களில் வரும் காரணமில்லா அழுகை இரண்டு கிழமைக்குள் தானே மாறிவிடும். அதற்கு மேலும் நீடிக்கும் கவலை, நித்திரையின்மை, எதிலும் பிடிப்பின்மை ஆகியவை மனச்சோர்வாக இருக்கலாம். பிள்ளை பெற்ற பெண்களில் 100க்குச் சுமார் 13 பேருக்கு மனநலப் பாதிப்பு ஏற்படுவதாகவும், அதில் பெரும்பகுதி மனச்சோர்வு என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பிரசவப் பயமே திரும்பத் திரும்ப வந்து வாட்டினால் அது மனவடு. சுகப்பிரசவம் என்று எழுதப்பட்டவளுக்கும் அது வரலாம். தனித்து விடப்பட்டாளா, ஏச்சு வாங்கினாளா, உயிர் போய்விடும் என்று பயந்தாளா என்பதெல்லாம் அதில் சேரும்.

மட்டக்களப்பில் பெண் தாய்வீட்டிலோ அதன் அருகிலோ வாழும் வழக்கம் நமக்குப் பெரும் பலம். உடம்பைப் பார்க்கும் அந்தக் கைகள் மனதையும் கேட்கட்டும். வீட்டுக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் பிள்ளையின் நிறையோடு உங்கள் மனநிலையையும் சொல்லுங்கள். 1987இல் எடின்பரோவில் உருவான 10 கேள்விகள் கொண்ட வினாக்கொத்து நம் நாட்டிலும் பயன்படுகிறது. உண்மையாகப் பதில் சொல்லுங்கள். பேச்சும் மருந்தும் குணமாக்கும். இல்லாததைக் காண்பது, கேட்பது, தனக்கோ பிள்ளைக்கோ தீங்கு செய்ய நினைப்பது என்றால் அன்றே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தேசிய மனநல உதவித் தொலைபேசி 1926.

டொரன்டோவிலும் லண்டனிலும் தாய் பக்கத்தில் இல்லாமல் பிள்ளை பெறும் நம் தங்கைமாரும் மகள்மாரும் உண்டு. பிள்ளையின் படத்தை அனுப்பச் சொல்லுமுன், "உனக்கு எப்படி இருந்தது புள்ள?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, அவள் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருங்கள். என்னிடம் அப்படிக் கேட்டவள் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். அவளும் இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறாள்.