வீடு மட்டும் போதாது: உதவிகள் ஒன்றோடொன்று பேச வேண்டும்

(போருக்குப் பிந்திய மீள்கட்டுமானமும் சர்வதேச ஒத்துழைப்பும் பற்றிய கலந்துரையாடலில் கட்சி சார்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2009 மே மாதம் போர் முடிந்தது. அதுக்குப் பிறகு வடக்கு கிழக்குக்கு உலகத்தின் பல பக்கத்திலயிருந்தும் உதவி வந்தது. வந்ததை வந்தது என்று சொல்லவேணும், வராததை வரவில்லை என்று சொல்லவேணும். இரண்டையும் இண்டைக்குச் சொல்லப் போறன்.

முதல்ல மிதிவெடி. முகமாலை மண்ணை நினைச்சுப் பாருங்கோ. மிதிவெடி எடுக்காமல் அங்க ஒரு அத்திவாரம் வெட்ட ஏலுமா? ஹலோ டிரஸ்ட், மாக் போன்ற வெளிநாட்டு அமைப்புகளும், டாஷ், ஷார்ப் என்ற உள்ளூர் அமைப்புகளும், இராணுவத்தின் பிரிவும் அந்த வேலையைச் செய்தன. ஜப்பான், அமெரிக்கா, பிரித்தானியா, நோர்வே என்று பல நாடுகள் பணம் தந்தன. ஆனா வெயிலுக்குள்ள முழங்காலில் இருந்து அங்குலம் அங்குலமாக மண்ணைக் கிளறினது எங்கட பிள்ளைகள். அதில நிறையப் பேர் குடும்பத்தைத் தனியாகச் சுமக்கிற பெண்கள்.

அடுத்தது வீடு. இந்தியா 50,000 வீடுகளுக்கு நிதி தந்தது. அதில 46,000 வீடுகள் வடக்கு கிழக்குக்கு. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபாய், கட்டம் கட்டமாக நேரடியாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்குக்கு வந்தது. ஐ.நா. வாழ்விடத் திட்டம், செஞ்சிலுவைச் சங்கம் போன்றவை மேற்பார்வை பார்த்தன. வீட்டுக்காரரே மேசனைப் பிடிச்சு, கல்லு மண்ணு வாங்கிக் கட்டினார்கள். சனத்தை நம்பிக் காசைக் கையில குடுத்தால் வேலை நடக்கும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேணும்?

தண்டவாளம் இருந்த இடத்தில பற்றை வளர்ந்து கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 1990க்குப் பிறகு, 2014 ஒக்டோபரில் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்தது. பாதையைப் போட்டது இந்தியாவின் இர்கோன் நிறுவனம். அதுவும் இனாம் இல்லை, கடன். ஏ-9 வீதி சீனக் கடனில் புனரமைக்கப்பட்டது. கிளிநொச்சிக்கு மாஸ் நிறுவனத்தின் ஆடைத் தொழிற்சாலைகள் வந்தன.

அரசுகள், ஐ.நா., தொண்டு நிறுவனங்கள், தனியார் என்று எல்லாரும் வந்திருக்கினம். அப்ப குறை எங்க?

ஒருத்தர் செய்ததை மற்றவர் பார்க்கவில்லை. அதுதான் குறை.

வீடு தந்தவர்கள் வருமானத்தைப் பார்க்கவில்லை. ஐந்தரை இலட்சம் காணாமல் சனம் கடன் பட்டது. வாழ்வாதாரம் இல்லாத வாசலுக்கு நுண்கடன் கம்பனிகள் கிழமைக்குக் கிழமை வந்து நின்றன. 2018இல அரசாங்கமே பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடனைத் தள்ளுபடி செய்ய அறிவிக்கவேண்டி வந்தது என்றால் நிலைமையை யோசியுங்கோ.

வீடு தந்த நாட்டின் கரையிலிருந்து வாற இழுவைப் படகுகள் எங்கட மீனவரின் வலையை அறுத்துக்கொண்டு போகுது. 2017இல இலங்கை இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால தடை செய்தது. கடலில இன்னும் நிக்கவில்லை. ஒரு கை கூரை போடுது, மற்றக் கை அடுப்பை அணைக்குது. இதை நட்போடதான் சொல்லுறம், ஆனா சொல்லாமல் விடமாட்டம்.

2025 ஜனவரியில அமெரிக்கா வெளிநாட்டு உதவியை இடைநிறுத்தினபோது மிதிவெடி அகற்றும் நிதியும் நின்றது. இலங்கை 2028 யூன் மாதத்துக்குள்ள மிதிவெடி இல்லாத நாடாக வேணும் என்பது ஒட்டாவா உடன்படிக்கைக் கடப்பாடு. எங்கோ ஒரு தலைநகரத்தில ஒரு கையெழுத்து, இங்க ஒரு வயலுக்குப் போக ஏலாது!

எங்கட கோரிக்கை மூன்று.

ஒன்று, காணி, வீடு, தொழில், கடன் நான்கையும் ஒரே மேசையில வைத்துத் திட்டமிடுங்கோ. அந்த மேசையில கிராமத்து மீனவர் சங்கமும் மாதர் சங்கமும் இருக்கவேணும்.

இரண்டு, மாகாண சபைத் தேர்தலை நடத்துங்கோ. வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிஞ்சது. உதவி வாறபோது பொறுப்போடு வாங்கிக் கணக்குக் காட்ட மக்கள் தெரிவு செய்த சபை வேண்டாமா?

மூன்று, காணியும் நீதியும் அபிவிருத்திக்கு வெளிய இல்லை. 2017இலிருந்து தாய்மார் தெருவோரம் இருந்து காணாமல் ஆக்கப்பட்ட தங்கட பிள்ளைகளைக் கேக்கினம். அவைக்குப் பதில் சொல்லாமல் எத்தனை கட்டடம் எழும்பினாலும், அது மீள்கட்டுமானம் ஆகாது.

உதவிக்கு நன்றி மறக்கிற சனம் இல்லை நாங்கள். ஆனா நாங்கள் கை ஏந்தி நிக்கிற பயனாளிகளும் இல்லை, இந்த மண்ணின் பங்காளிகள். அப்படித்தான் இனிப் பேசுவம்.



(உறவுகளே, உங்கள் ஊரில் பாதியில் நிற்கும் திட்டம் எது? கருத்துப் பகுதியில் எழுதுங்கள். பகிருங்கள்.)