புல்மோட்டை மணலும் பீங்கானின் நிறமும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



இம்மேடையிலே எனக்கு முன் இலக்கியம் பேசினார்கள்; இசை பேசினார்கள். இரசாயனம் பயிலும் மாணவனாகிய நான் மண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மண் என்றால் வயல் மண் அன்று. திருகோணமலைக்கு வடக்கே ஏறக்குறைய 55 கிலோமீற்றர் தூரத்திலுள்ள புல்மோட்டைக் கடற்கரையிலே கிடக்கும் கறுத்த மணலைப் பற்றியே பேசப்போகிறேன். அந்த மணலுக்கும், நாம் உண்ணும் பீங்கானிலும் குளியலறைச் சுவரிலும் காணும் வெண்மைக்கும் நீலத்துக்கும் மஞ்சளுக்கும் உறவு உண்டு. அவ்வுறவை விளக்குவதும், அதில் நம்முடைய பங்கு யாது என்று கேட்பதுமே என் நோக்கமாகும்.

முதலில் நிறத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். துணிக்கு நிறமூட்டுவது எளிது. மஞ்சள், அவுரி, சாயவேர் என்பவற்றை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். ஆனால் மட்பாண்டத்துக்கு நிறமூட்ட அவை உதவமாட்டா. சாதாரண மட்பாண்டச் சூளையின் வெப்பமே 700, 800 பாகை செல்சியசை எட்டும். பீங்கான் சூளையோ 1,200 பாகைக்கு மேற் போகும். அந்தத் தீயிலே செடிகொடிகளிலிருந்து எடுத்த சாயம் அனைத்தும் எரிந்து போகும். தீயில் அழியாத பொருளே மட்பாண்டத்துக்கு நிறமாக முடியும். ஆகவே குயவன் தேடும் நிறம் உலோகங்களின் சேர்மங்களிலேயே கிடைக்கிறது.

இவற்றுள் மிகப் பழையது இரும்பு. சாதாரண களிமண்ணிலுள்ள இரும்பு, காற்றோட்டமுள்ள சூளையிற் சிவக்கும். காற்றில்லாது புகை சூழ்ந்த இடத்திற் கறுக்கும். ஒரே பாண்டத்தில் உட்புறமும் வாய்ப்புறமும் கறுப்பாகவும், வெளிப்புறத்தின் கீழ்ப்பகுதி சிவப்பாகவும் அமையும்படி சுட்ட கறுப்பு - சிவப்பு மட்பாண்டங்கள் தமிழகத்தில் ஆதிச்சநல்லூர், கீழடி முதலிய இடங்களிலும், இலங்கையிற் பொம்பரிப்பு, கந்தரோடை முதலிய இடங்களிலும் அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளன. நிறப்பொருளோடு தீயையும் காற்றையும் ஆளத் தெரிந்திருந்தால்தான் இத்தகைய பாண்டம் செய்ய முடியும். எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கைவினைஞன் இதனைச் செய்திருப்பினும், அவனை இரசாயனம் அறியாதவன் என்று யார் சொல்வார்?

மெருகுப்பூச்சு என்பது மட்பாண்டத்தின்மேல் உருகிப் படியும் கண்ணாடிப் படலமாகும். சிலிக்கா அதன் உடம்பு. அலுமினா அதனை வழிந்தோடாமற் பிடித்து வைக்கும். சுண்ணாம்பு, பெல்ஸ்பார் போன்றவை அதனை உருக வைக்கும். இக்கண்ணாடியிற் சில உலோக ஒட்சைட்டுக்களைக் கரைத்தால் நிறம் வரும். கோபாற்று நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லாமலே ஆழ்ந்த நீலம் தரும். செம்பு காற்றுள்ள சூளையிற் பச்சையும், காற்றில்லாச் சூளையிற் சிவப்பும் தரும். மங்கனீசு ஊதாவும் கபிலமும் தரும்.

ஆனால் இப்படிக் கரைத்துப் பெறும் நிறத்துக்கு ஒரு குறை உண்டு. மெருகின் கலவை சிறிது மாறினாலும், சூளையின் வெப்பம் சிறிது கூடினாலும் நிறமும் மாறிவிடும். ஒரு சூளையிற் பச்சையாக வந்தது மறு சூளையில் நீலம் கலந்து வரும். பத்தாயிரம் ஓடுகள் ஒரே நிறமாக வேண்டும் என்று கேட்கும் தொழிற்சாலைக்கு இது பொருந்தாது. எனவேதான் முன்கூட்டியே சுட்டு ஆக்கிய நிறப்பொருள்கள் தோன்றின. வேண்டிய ஒட்சைட்டுக்களை நிறுத்துக் கலந்து, மூசையில் இட்டு உயர்ந்த வெப்பத்திற் சுட்டு, கிடைத்த கட்டியை நீரிற் கழுவிக் கரையும் உப்புக்களை நீக்கி, மாவாக அரைத்து வைத்துக்கொள்வர். அம்மாவை மெருகிலோ களிமண்ணிலோ நூற்றுக்கு ஐந்து பங்கு அளவிற் சேர்த்தாலே போதும். இங்கே நிறம் கண்ணாடியிற் கரைவதில்லை. மிக உறுதியான ஒரு பளிங்கினுள் அடைக்கலம் புகுந்து, உருகும் மெருகின் நடுவே உருகாமல் நிற்கிறது. அந்த அடைக்கலத்தைக் கொடுக்கும் பளிங்குகளிற் சிறந்தது சிர்க்கோன். சிர்க்கோன் கிடைக்கும் இடங்களுள் ஒன்று புல்மோட்டை.

தெற்கே அரிசிமலை முதல் வடக்கே கொக்கிளாய்க் கடனீரேரி வரை ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர் நீளத்துக்கு இந்தக் கனிய மணல் பரந்து கிடக்கிறது. மலைப்பாறைகள் யுகயுகமாகச் சிதைந்து, ஆறுகளால் அடித்து வரப்பட்டு, கடலலையாற் புடைக்கப்பட்ட மணல் இது. நம் தாய்மார் சுளகிலே அரிசி புடைப்பதை எண்ணிப் பாருங்கள். அலையும் அதனையே செய்கிறது. இலேசான வெண்மணலை இழுத்துச் சென்று, கனமான கருமணலைக் கரையிலே விட்டுச் செல்கிறது. சாதாரண மணல் நீரைப் போல் 2.65 மடங்கு கனமுள்ளது. சிர்க்கோனும் இல்மனைற்றும் நாலரை மடங்குக்கும் மேற்பட்ட கனமுள்ளவை. இம்மணலிற் சுமார் 70 வீதம் இல்மனைற்று. ரூற்றைலும் சிர்க்கோனும் ஒவ்வொன்றும் 8 வீதம் அளவில் உள்ளன. மொனசைற்று மிகச் சிறிதளவு உண்டு.

இவற்றைப் பிரிக்கும் முறையும் அழகானது. இல்மனைற்றைக் காந்தம் இழுக்கும், மற்றிரண்டையும் இழுக்காது. ரூற்றைல் மின்னைக் கடத்தும், சிர்க்கோன் கடத்தாது. ஆகவே காந்தத்தாலும் மின்னாலும் மூன்றையும் தனித்தனியே பிரித்து விடலாம். 1957ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அரச கூட்டுத்தாபனம் இத்தொழிலை ஆரம்பித்தது. இன்று அது லங்கா மினரல் சாண்ட்ஸ் என்னும் பெயரில் இயங்குகிறது.

சிர்க்கோனுக்கும் இலங்கைக்கும் உள்ள தொடர்பு இன்னும் பழையது. 1789ஆம் ஆண்டிலே கிளாப்ரோத் என்னும் ஜேர்மன் இரசாயன அறிஞர் இலங்கையிலிருந்து சென்ற சிர்க்கோன் கல் ஒன்றைப் பகுத்து ஆராய்ந்தபோதுதான், அதுவரை உலகம் அறியாத ஓர் ஒட்சைட்டைக் கண்டார். சிர்க்கோனியம் என்னும் மூலகம் அதனால் அறியப்பட்டது. பாடநூலில் ஆவர்த்தன அட்டவணையை மனனஞ் செய்யும் நம் மாணவர், நாற்பதாம் இடத்தில் இருக்கும் மூலகம் நம் நாட்டுக் கல்லிலிருந்து வெளிவந்தது என்பதை அறிந்திருத்தல் நன்று.

இனி இக்கனிப்பொருள்கள் பீங்கானுக்குச் செய்யும் தொண்டைப் பார்ப்போம்.

இல்மனைற்று இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்தது. அதனைப் பரும்படியாக மெருகிற் கலந்தால் கறுத்த புள்ளிகளைத் தரும். ரூற்றைல் தைத்தேனிய ஒட்சைட்டு. இயற்கையாகச் சிறிது இரும்பும் உடையது. மெருகிலே நூற்றுக்கு ஐந்து பங்கு சேர்த்துச் சுட்டால், ஆறும்போது நுண்ணிய பளிங்குகள் தோன்றி, தேன் நிறமும் பழுப்பும் கோடு கோடாக ஓடும். அவ்வழகை எந்தத் தூரிகையாலும் வரைய முடியாது. தைத்தேனிய ஒட்சைட்டோடு குரோமியத்தையும் அந்திமனியையும் சேர்த்துச் சுட்டால் மஞ்சட் பழுப்பு நிறப்பொருள் ஒன்று கிடைக்கும். தரைக்குப் பதிக்கும் ஓடுகளின் களிமண்ணுக்கே நிறமூட்ட அது பயன்படுகிறது.

சிர்க்கோனின் முதல் தொண்டு வெண்மை. அதனைக் கண்ணுக்குப் புலப்படாத நுண்துகளாக அரைத்து, மெருகில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பங்கு சேர்ப்பர். தெளிந்த நீர் நுரைக்கும்போது வெண்மையாகத் தோன்றுவதைப் பார்த்திருப்பீர்கள். அவ்வாறே மெருகினுள் நிற்கும் துகள்கள் ஒளியைச் சிதறச் செய்வதால் மெருகு பால்போல் வெளுக்கும். முற்காலத்தில் இதற்கு வெள்ளீய ஒட்சைட்டைப் பயன்படுத்தினர். அது விலை மிக்கது. இருபதாம் நூற்றாண்டிலே சிர்க்கோன் பெரும்பாலும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இரண்டாவது தொண்டு நிறத்துக்கு வீடு அளிப்பது. 1948ஆம் ஆண்டில் அமெரிக்காவிற் சீபிரைற் என்பவர் சிர்க்கோன் - வனேடிய நீலத்துக்குக் காப்புரிமை பெற்றார். சிர்க்கோனியம் ஒட்சைட்டும் சிலிக்காவும் வெண்ணிறப் பொடிகள். முன்னதில் இரண்டு பங்கும் பின்னதில் ஒரு பங்கும் என்ற அளவில் எடுத்து, சிறிது வனேடியச் சேர்மமும், வினையைத் துரிதப்படுத்தச் சிறிது புளோரைட்டும் கலந்து 800 பாகைக்கு மேலே சுட்டால், கிளிஞ்சற் குடாக்கடலின் நீர்போல ஒரு பசுநீலம் பிறக்கிறது. வனேடியத்துக்குப் பதிலாகப் பிரசியோடைமியத்தைச் சேர்த்தால் தூய எலுமிச்சை மஞ்சள் வரும். இரும்பைச் சேர்த்தால் பவளச் சிவப்பு வரும். இம்மூன்று நிறங்களையும் அளவாகக் கலந்து எண்ணற்ற நிறங்களை ஆக்குகின்றனர். பிரசியோடைமியம் மொனசைற்றிலிருந்து எடுக்கப்படும் மூலகங்களுள் ஒன்று. அந்த மொனசைற்றும் இதே கரையில் இருக்கிறது என்பதை நினைவிற் கொள்க.

இவ்விடத்தில் நீங்கள் ஒரு வினா எழுப்பலாம். சிர்க்கோன் மணலோடு வனேடியத்தை நேரே கலந்து சுட்டால் நீலம் வராதா? வராது. பளிங்கு உருவாகும் வேளையிலேதான் நிறம் அதனுள் குடிபுக முடியும். கட்டி முடிந்து கதவடைத்த வீட்டினுள் யார் நுழைவார்? ஆகவே மணலாகக் கிடக்கும் சிர்க்கோனைக் காரத்தோடு உருக்கி உடைத்துச் சிர்க்கோனியம் ஒட்சைட்டை எடுக்க வேண்டும். பின்னர் அதனைச் சிலிக்காவோடு சேர்த்து, நிறத்தை உள்ளே வைத்து, மீண்டும் சிர்க்கோனாகவே கட்ட வேண்டும். உடைப்பதும் கட்டுவதுமே இங்கு தொழில். மணலுக்கும் நிறத்துக்கும் இடையிலுள்ள விலை வேறுபாடு அனைத்தும் இந்த இடைவழியிலேயே பிறக்கிறது. அந்த இடைவழியோ நம் நாட்டில் இல்லை.

அன்பர்களே, இதுவே நான் இன்று சொல்ல வந்த செய்தி. புல்மோட்டையின் கனியங்களிற் பெரும்பகுதி மணலாகவே கப்பலேறுகிறது. யுத்த காலத்திலே, 1997ஆம் ஆண்டிற் கனிய மணல் ஏற்ற வந்த கப்பலொன்று புல்மோட்டைக் கடலில் தாக்கப்பட்டது. தொழில் நெடுங்காலம் தளர்ந்தது. 2009இல் யுத்தம் முடிந்தபின் மீண்டும் மணல் போகிறது. மறுபுறத்தில் மீற்றியாகொடையில் வெண்களி உண்டு. தங்கொட்டுவையிலும் மாத்தளையிலும் உலகம் மெச்சும் பீங்கான் செய்யும் கைகள் உண்டு. களியும் நம்முடையது, கையும் நம்முடையது, மணலும் நம்முடையது. நிறப்பொருளுக்கு மட்டும் பிற நாட்டின் கதவைத் தட்டுகிறோம். நெல்லை விற்று அவல் வாங்குவது போன்றதன்றோ இது?

பாக்குநீரிணைக்கு அப்பாலும் இதே மணல் உண்டு. குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளக் கரையிலும் உள்ளது. இல்மனைற்றிலிருந்து வெண்ணிறப் பொருள் செய்வதற்குத் திருவனந்தபுரத்தில் 1946ஆம் ஆண்டிலேயே ஒரு தொழிற்சாலை நிறுவப்பட்டது. அதனைப் புகழும்போது மற்றப் பக்கத்தையும் சொல்லவேண்டும். கந்தகவமிலத்தால் இல்மனைற்றைக் கரைக்கும் முறையில் அமிலக் கழிவு மிகுதி. அக்கழிவு கடலில் விடப்பட்டதனால் அங்கு நெடுங்காலம் முறைப்பாடுகள் எழுந்தன. மொனசைற்றிலே தோரியம் இருப்பதால் அது கதிர்வீசும். சிர்க்கோனிலும் சிறிதளவு உண்டு. அரைக்கும் தூசி சுவாசத்துக்குத் தீங்கானது. புல்மோட்டை மக்களிற் பலர் கடலை நம்பி வாழ்பவர்கள். மீனைக் கொன்று நிறத்தைப் பெறுவது வளர்ச்சியாகாது. மணலை எடுத்த இடத்தை மீண்டும் நிரப்பிச் செடி நடாமல் விட்டாலும் அவ்வாறே.

ஆகவே பெரிய அமிலத் தொழிற்சாலையோடு தொடங்க வேண்டும் என்று நான் கூறவில்லை. சிறியதிலிருந்து படிப்படியாக ஏறலாம். முதற் படி, சிர்க்கோனை நுண்மாவாக அரைத்து நம் ஓட்டுத் தொழிற்சாலைகளுக்கே கொடுப்பது. அதற்கு அமிலம் வேண்டாம். நல்ல ஆலையும், தூசியை அடக்கும் ஏற்பாடும், தொழிலாளரின் உடல்நலத்தைக் காக்கும் கண்டிப்பும் போதும். இரண்டாவது படி, ரூற்றைலை நம் மட்பாண்டக் கைவினைஞரின் மெருகுக்குப் பழக்குவது. மூன்றாவது படியே சிர்க்கோன் நிறங்கள். வனேடியமும் புளோரைட்டும் நஞ்சாகையால் அது பயிற்சி பெற்றோர் தக்க ஆய்வுகூடத்திற் செய்யவேண்டிய வேலை.

பல்கலைக்கழகம் செல்லும் தம்பி தங்கையருக்கு ஒரு வேண்டுகோள். வைத்தியமும் பொறியியலும் நல்ல படிப்புக்களே. ஆனால் சூளையின் முன் நின்று, நூறு சிறிய ஓடுகளிலே நூறு கலவைகளைப் பூசி, ஒவ்வொன்றின் பின்புறத்திலும் இலக்கமிட்டு, சுட்டு, ஒப்பிட்டு, ஏட்டில் எழுதிவைக்கும் ஒருவரும் இந்த மாவட்டத்துக்கு வேண்டும். வெளிநாட்டார் நிறத்தைக் கண்டது மந்திரத்தால் அன்று. இத்தகைய பொறுமையாலேயே ஆகும். கறுப்பு - சிவப்பு மட்பாண்டம் சுட்ட நம் முன்னோனிடமும் இருந்தது அப்பொறுமையே.

கடல் புடைத்துத் தந்த மணல் ஒருமுறை கப்பலேறினால் திரும்பி வராது. அது முழுவதும் போவதற்கு முன் அதன் நிறத்தை அறிந்தவர்களாக நாம் ஆவோமாக.