சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை



தோட்டத்திலே சைக்கிளுக்கே ஏங்கிய காலம் ஒன்று இருந்தது. இன்று பல வீடுகளின் வாசலில் பழையதோ புதியதோ ஒரு கார் நிற்கிறது. கேரித் தீவிலிருந்தும் காப்பாரிலிருந்தும் கிள்ளானுக்கு வேலைக்குப் போவதும், பாட்டியைத் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனைக்கு அழைத்துப் போவதும், தீபாவளிக்கு முன்னால் பிரிக்பீல்ட்ஸ் கடைகளுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போவதும் அந்தக் காரில்தான். அதன் முன்சக்கரத்தை இடம் பெயராமல் பிடித்திருக்கும் ஓர் உறுப்பைப் பற்றி இன்று பேசுவோம். பட்டறையில் போர்மன்கள் அதை 'லோவர் ஆர்ம்' என்பார்கள். நாம் கீழ்க்கை என்று சொல்லிக்கொள்வோம்.

பெயர் பொருத்தமானதுதான். இரும்பாலான இந்தக் கையின் ஒரு முனை காரின் அடிச்சட்டத்தோடு ரப்பர் 'புஷ்'களால் இணைந்திருக்கிறது. மறுமுனையில் 'பால் ஜாயிண்ட்' என்னும் உருண்டை மூட்டு இருக்கிறது. நம் தோளில் எலும்பின் உருண்டை கிண்ணத்துக்குள் சுழல்கிறதல்லவா? அதே அமைப்புதான். சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கவும், ஸ்டியரிங் சொன்ன பக்கம் திரும்பவும் இதுவே வழி செய்கிறது.

முற்காலக் கார்கள் பலவற்றில் ஒவ்வொரு முன்சக்கரத்துக்கும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை என்று இரண்டு இருந்தன. மெக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் மேல்கையை எடுத்துவிட்டு, அதன் வேலையை அப்சோர்பர் தண்டிடமே ஒப்படைத்தார். 1950-களின் தொடக்கத்தில் போர்டு நிறுவனம் இங்கிலாந்தில் செய்த கான்சல், செபிர் கார்களில் இந்த முறை வந்தது. செலவும் இடமும் குறைந்ததால் உலகெங்கும் பரவியது. 1985-ல் வந்த புரோட்டோன் சாகா, 1994-ல் வந்த கஞ்சில், 2005-ல் வந்த மைவி எல்லாவற்றிலும் முன்பக்கம் இந்த அமைப்புதான். தோட்டங்களில் ஓடும் ஹைலக்ஸ் வண்டியில் இரண்டு கைகள் இன்றும் உண்டு. நம் சிறிய கார்களுக்கோ கீழே இருப்பது ஒற்றைக் கை. அதன் உருண்டை மூட்டு கழன்றுவிட்டால் சக்கரத்தின் அடிப்பக்கத்தைப் பிடிக்க வேறு எதுவும் இல்லை. சக்கரம் சாய்ந்து மடங்கிவிடும், காரின் மூக்கு தரையில் உட்கார்ந்துவிடும். கூட்டரசு நெடுஞ்சாலையில், பின்னால் கண்டெய்னர் லாரி வரும்போது அது நடந்தால் என்ன ஆகும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

இனி ரப்பருக்கு வருவோம். பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு ரப்பரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா! ஆனாலும் விடியற்காலையில் நாம் சேர்த்த பால் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று பலரும் யோசித்திருக்க மாட்டோம். ஒரு பகுதி இந்தப் புஷ்களுக்குள் போனது. திரும்பத் திரும்ப முறுக்கினாலும் எளிதில் கிழியாத குணம் இயற்கை ரப்பருக்கு உண்டு. 1925-ல் தொடங்கிய ரப்பர் ஆராய்ச்சி நிலையம் நம் பக்கத்துச் சுங்கை பூலோவில் மரத்தை ஆராய்ந்தது போல, ரப்பரின் குணங்களும் உலகில் பல இடங்களில் ஆராயப்பட்டன. புஷ்ஷில் உள்ளே ஓர் இரும்புக் குழாய், வெளியே ஓர் இரும்புக் குழாய், இரண்டையும் பற்றிக்கொண்டு நடுவில் ரப்பர். அது உரசிச் சுழல்வதில்லை. முறுக்கிக்கொண்டு மீண்டும் தன் நிலைக்குத் திரும்புகிறது. இதை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும். என்ஜின் எண்ணெய் ஒழுகி மேலே பட்டால் இயற்கை ரப்பர் ஊதிக் கூழாகும். வெப்பமும் காற்றிலுள்ள ஓசோனும் வெடிப்பு உண்டாக்கும்.

தேய்மானம் சொல்லாமல் வருவதில்லை. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது கீழே 'டொக்' என்று ஒரு சத்தம். பிரேக் போட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கும். நேரான சாலையில் ஸ்டியரிங்கைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். டயரின் ஓர் ஓரம் மட்டும் வழுக்கையாகும். பலரும் டயரைத்தான் மாற்றுகிறார்கள்; புது டயரும் அதே ஓரத்தில் தேய்கிறது. சத்தம் கேட்கக் கூடாதென்று வானொலியின் ஒலியைக் கூட்டுகிறவர்களும் உண்டு. வானொலியில் பேசும் நாமே அதைக் குறை சொல்வது வேடிக்கைதான்!

பள்ளி வேனை ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனை நிலையத்தில் காட்ட வேண்டும். சொந்தக் காருக்கு அப்படிக் குறித்த காலச் சோதனை இல்லை. பார்க்க வேண்டியவர் நாம்தான். சமதரையில் சக்கரத்தைத் தூக்கி, டயரின் உச்சியையும் அடியையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். லொடக்கென்று ஆடினால் மூட்டோ பேரிங்கோ தேய்ந்திருக்கிறது. மூட்டின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், செம்மண் உள்ளே போகும். தோட்டத்துச் செம்மண் அந்த மூட்டுக்கு உப்புத்தாள் போல.

மாற்றுவதென்றால் எதை மாற்றுவது? கை நேராக இருந்து, புஷ் மட்டும் தனியே கிடைத்தால், பட்டறை அழுத்தியில் அதை மட்டும் மாற்றினால் போதும். மூட்டும் தேய்ந்திருந்தால் முழுக் கையையும் மாற்றுவதே கூலியில் சிக்கனம். பழைய உதிரிப்பாகக் கடையில் மலிவாகக் கிடைக்கும் கையில் ரப்பரின் வயது யாருக்கும் தெரியாது. நாங்கள் அதைச் சிபாரிசு செய்யமாட்டோம். வளைந்த கையை நெருப்பில் காட்டி நிமிர்த்தித் தருவதாக யாரேனும் சொன்னால், வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சூடு பட்ட இரும்பின் பலம் போய்விடும். இரண்டு பக்கமும் ஒரே வயது என்பதால் இரண்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது. பணம் பற்றாவிட்டால், மறுபக்கத்தைச் சோதிக்கவாவது செய்யுங்கள்.

வேலை செய்யும்போது ஜேக்கை மட்டும் நம்பி யாரும் காருக்கடியில் போகக் கூடாது. பின்சக்கரத்துக்குக் கட்டை வைத்து, காரை ஸ்டாண்டில் நிறுத்த வேண்டும். மூட்டைக் கழற்றும்போது பிரேக் குழாய் இழுபடக் கூடாது. மூட்டின் நட்டுக்கு ஊசி போடும் துளை நேராகவில்லையென்றால் நட்டை இன்னும் சற்று முடுக்குவதே முறை. பின்னுக்குத் தளர்த்தக் கூடாது. ஊசியும் புதிதாக இருக்க வேண்டும்.

இப்போது அந்த ரப்பரை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். எங்கள் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி வந்த வேன் ஒன்றுக்குச் சில மாதங்களுக்குள் இரண்டு முறை புஷ் போட வேண்டியிருந்தது. சாமான் மட்டம் என்று எல்லாரும் கடையைத் திட்டினார்கள். காரணம் வேறு. வண்டியைத் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையிலேயே புஷ்ஷின் போல்ட்டை இறுக்கியிருந்தார்கள். அப்படி இறுக்கினால், தொங்கும் நிலையே ரப்பருக்கு இயல்பு நிலையாகிவிடும். வண்டியை இறக்கியதும் கை மேலே எழும்பும், ரப்பர் முறுக்கிக்கொள்ளும். நிற்கும்போதும் முறுக்கு, ஓடும்போதும் முறுக்கு. பள்ளத்தில் விழும்போது முறுக்கு மேல் முறுக்கு. ரப்பர் எத்தனை நாள் தாங்கும்? ஆகவே புஷ்ஷின் போல்ட்டை முதலில் கைமுடுக்காக மட்டும் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, அதன் பாரம் சக்கரத்தில் விழுந்த பிறகே கடைசியாக இறுக்க வேண்டும். குழி உள்ள பட்டறையில் இது எளிது. குழி இல்லையென்றால், காரை ஸ்டாண்டில் விட்டபடியே கையின் வெளிமுனைக்கடியில் ஜேக் வைத்து, அந்தப் பாரத்தை ஏற்றிவிட்டும் இறுக்கலாம். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது காருக்குக் கார் மாறும். காருக்குரிய பழுதுபார்ப்புக் கையேட்டில் அளவு இருக்கும்.

போர்மனிடம் இதைக் கேட்பதற்குத் தயங்க வேண்டாம். "அண்ணே, வண்டியைக் கீழே இறக்கிட்டுத்தானே புஷ் போல்ட்டை இறுக்குவீங்க?" என்று மரியாதையாகக் கேளுங்கள். வேலை தெரிந்தவர் சிரித்துக்கொண்டே "ஆமாம்" என்பார்.

கை மாறினால் சக்கரத்தின் கோணமும் சிறிது மாறும். அன்றோ மறுநாளோ டயர் கடையில் 'எலைன்மெண்ட்' பார்த்துவிடுங்கள். சில நாள் ஓட்டிய பின் போல்ட்டுகளை இன்னொரு முறை முடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றிய பழைய கையை வீட்டுக்குக் கேட்டு வாங்கி வந்து, கிழிந்த ரப்பரைப் பிள்ளைகளிடம் காட்டுங்கள்.