மாத்திரை மாறினால் கேளுங்கள்

(பெரம்பலூரில் ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



வலிப்பு வந்தவன் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் ஒழியவில்லை. இரும்பு வலிப்பை நிறுத்தாது. நாள் தவறாமல் விழுங்கும் மாத்திரைதான் தடுக்கும். அதைப் பற்றியே பேச வந்தோம்.

"சர்க்கார் ஆஸ்பத்திரியில் இந்த மாதம் வேறு அட்டை கொடுத்தார்கள். மட்டமான மருந்தா?" என்று அரியலூர் சிமெண்ட் ஆலைத் தோழர்கள் கேட்கிறார்கள். மட்டம் என்று நாம் சொல்ல மாட்டோம். 1994-ல் அமைந்த தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், கம்பெனி சூட்டிய பெயரைப் பாராமல், பொதுப் பெயரில் டெண்டர் விட்டு மருந்து வாங்குகிறது. கூலிக்காரன் வீட்டுக்கு மருந்து வந்து சேர்வதே இப்படித்தான். இதை விட்டுக்கொடுக்க மாட்டோம். ஆனால் டெண்டர் மாறினால் தயாரிப்பவனும் மாறுவான்.

மாறினால் என்ன? எல்லா மருந்துக்கும் ஆபத்தில்லை. ஃபெனிடாய்ன் விஷயம் வேறு. ஈரல் அதை ஓரளவுதான் கழிக்கும். எல்லையைத் தாண்டினால், கொஞ்சம் கூடினாலும் ரத்தத்தில் மளமளவென்று ஏறிவிடும்.

1968-ல் ஆஸ்திரேலியாவில் நடந்ததைக் கேளுங்கள். ஃபெனிடாய்ன் குளிகைக்குள் நிரப்பும் வெறும் தூளை மாற்றினார்கள். கால்சியம் சல்பேட்டுக்குப் பதில் லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை. மருந்தின் அளவு மாறவே இல்லை. ஆனாலும் உடம்பில் கூடுதலாக ஏறி விஷமாயிற்று. நோயாளிகள் தள்ளாடினார்கள். ஆக, கேடு மலிவு விலையில் இல்லை; சொல்லாமல் மாற்றுவதில் இருக்கிறது.

நம் தோழன் ஆலையில் தள்ளாடினால் என்ன சொல்வார்கள்? குடித்துவிட்டு வந்தான் என்று கேட்டுக்கு வெளியே தள்ளுவார்கள். மருந்து குறைந்தாலோ, கிணற்று மேட்டிலேயே வலிப்பு வரும்.

ஃபெனிடாய்ன், கார்பமாஸெபின், பினோபார்பிட்டால் சாப்பிடுவோருக்கு ஒரே தயாரிப்பையே தொடர்ந்து கொடுக்கும்படி பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2013-ல் டாக்டர்களுக்குச் சொன்னது. அங்கே உள்ளவன் மூளை வேறு, நம் மூளை வேறா? தயாரிப்பு மாறும்போது முன்கூட்டிச் சொல்லு, ரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்த்துக் கொடு என்று நாமும் கேட்போம்.

தனியார் கடையிலும் கவனம் வேண்டும். "இதுவும் அதுதான்" என்று வேறு கம்பெனி அட்டையை நீட்டினால், டாக்டரைக் கேட்காமல் வாங்காதீர்கள். அதற்காகப் பயந்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது! திடீரென்று நிறுத்தினால் வலிப்பு விடாமல் வந்து உயிரையே கொண்டுபோகும். காலி அட்டையை எறியாமல் வைத்திருங்கள். அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் நீட்டுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் இதைச் செய்யலாம்.