பழைய சஞ்சிகைப் பக்கங்கள் யாருக்குச் சொந்தம்?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரை)



2009க்குப் பின் மீளக்குடியேறி வந்தபோது எமது பாடசாலை நூலகத்தில் ஒரு பழைய சஞ்சிகைகூட இருக்கவில்லை. இப்போது கிடைப்பவை உங்கள் வீடுகளில், சான்றிதழ்க் கோவைகளோடு தப்பியவை. அவற்றை மின்வருடி இணையத்தில் வைக்க வேண்டும் என்பதில் எமக்குள் இரண்டு கருத்தில்லை. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்ததைக் கண்டவர்கள், ஒரே அலுமாரியில் பூட்டி வைப்பதைப் பாதுகாப்பென்று சொல்லமாட்டார்கள். 'நூலகம்' என்ற இணைய நூலகம் 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேர்த்து வருகிறது. பாடசாலை மலர்களும் அங்கே உண்டு.

ஆனால் அந்தப் பக்கங்களுக்கு அனுமதி கொடுக்க நாம் யார்?

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, பதிப்புரிமை எழுதியவரின் வாழ்நாளிலும் அவர் இறந்தபின் 70 ஆண்டுகளும் நீடிக்கும். 1974இல் பதினைந்து வயது மாணவி ஒருத்தி மழையைப் பற்றிக் கவிதை எழுதினாள் என்று வைத்துக்கொள்வோம். அவள் தொண்ணூறு வயதுவரை வாழ்ந்தால் அந்தப் பன்னிரண்டு வரிக்கும் 2119 வரை உரிமை உண்டு! சஞ்சிகையை அச்சிட்டதால் மட்டும் கவிதை பாடசாலைக்குச் சொந்தமாகிவிடாது. அழிந்த பிரதிக்கு ஈடாக நூலகங்கள் ஒரு படி எடுக்கச் சட்டம் இடம் தருகிறது. உலகம் முழுதும் வாசிக்க இணையத்தில் இடுவதற்கு அது போதாது. 1949இல் சென்னை அரசு பாரதியார் பாடல்களின் உரிமையை வாங்கியது. எமது வகுப்பறைக் கவிதைகளை வாங்க எந்த அரசும் வரப்போவதில்லை. நாமேதான் ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டும்.

வன்னியில் அது லேசான காரியமல்ல. எழுதியவர்களில் சிலர் இன்று இல்லை. சிலர் எங்கே என்று பெற்ற தாய்க்கே தெரியாது. அந்தத் தாயிடம் வாரிசு என்று கையெழுத்துக் கேட்டால், மகள் இறந்துவிட்டாள் என்று அவரையே எழுதச் சொல்வதாகும். ஆகையால் எமது படிவத்தில் 'இறந்த திகதி' என்ற கேள்வியே இல்லை. 'எழுதியவருக்கு என்ன உறவு' என்று மட்டும் கேட்கிறோம். பதில் கிடைக்காத பக்கங்களை மின்வருடிப் பாடசாலையில் வைப்போம், இணையத்தில் இடமாட்டோம். வேண்டாம் என்பவர்களிடம் காரணமும் கேட்கமாட்டோம்.

சம்மதிப்பவர்களுக்கு கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தைப் பரிந்துரைக்கிறோம்: பெயரைக் குறிப்பிட வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. ஒருமுறை கொடுத்தால் திரும்பப் பெறமுடியாது, வாசித்தபின் ஒப்பமிடுங்கள்.

படிவங்கள் வாசல் மேசையில் இருக்கின்றன. அட்டை கிழிந்த சஞ்சிகையானாலும் கொண்டுவாருங்கள். மின்வருடியபின் உங்களிடமே தந்துவிடுவோம்.