ஆறும் தீர்த்தமும்

(அடி அண்ணாமலைப் பொதுக்கூட்டத்தில் பேசியது)



தை மாதம் 5-ந் தேதி அண்ணாமலையாரை மணலூர்ப்பேட்டைக்குத் தூக்கிப் போய்த் தென்பெண்ணையில் தீர்த்தவாரி செய்கின்றார்கள். நம் ஜனங்களும் கும்பல் கும்பலாய்ப் போய் முழுகி வருகின்றார்கள். அத்துடன் ஆற்றைப் பற்றிய கவலை தீர்ந்தது. ஆனால் நாம் கேட்கின்றோம், ஆறு என்பது ஒரு துறையும் ஒரு நாளும்தானா?

பெண்ணையாறு கர்நாடகத்து நந்தி மலைப் பக்கம் பிறந்து, கிருஷ்ணகிரி அணை, சாத்தனூர் அணை, திருக்கோவலூர் எல்லாம் தாண்டிக் கடலூர் அருகே கடலில் விழுகின்றது. நம் வட்டாரத்துத் துரிஞ்சலாறும் அதில்தான் சேருகின்றது. மேலே நடப்பது கீழே இருப்பவன் தலையில் வந்து விடியும்.

2024 டிசம்பரில் என்ன நடந்தது? ஃபெஞ்சல் புயல் மழையில் 1-ந் தேதி இந்த மலையிலேயே மண் சரிந்து 7 பேர் மாண்டார்கள். அதே மழையில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டிற்று. அந்த வெள்ளம் சாத்தனூருக்கு வந்து, 2-ந் தேதி விடியற்காலை வினாடிக்கு 1,68,000 கன அடி திறக்கப்பட்டது. விழுப்புரம், கடலூர் ஜில்லாக்களில் கரையோர ஊர்கள் முழுகின. இதைத் தலைவிதி என்பதா?

யோசித்துப் பாருங்கள். பயிருக்கு நீர் வேண்டுமானால் அணை நிறைந்திருக்க வேண்டும்; வெள்ளத்தைத் தாங்க வேண்டுமானால் அதில் இடம் காலியாயிருக்க வேண்டும். முன்கூட்டித் திறந்துவிட்டு மழை பொய்த்தால் குடியானவன் வயிற்றில் அடி. திறக்காமலிருந்து மழை கொட்டினால் கீழூரான் உயிருக்கு ஆபத்து. இந்தச் சிக்கலை எந்தப் பூசாரி தீர்ப்பான்? மேலே பெய்யும் மழையையும், ஆற்றில் வரும் நீரையும் மணிக்கு மணி அளந்து கணக்குப் பார்ப்பவனே தீர்க்க முடியும்.

ஒரு நாள் கணக்கு மட்டும் போதாது. சாத்தனூர் அணை 1958-ல் வந்தது. வருஷா வருஷம் வெள்ளம் கொண்டுவரும் வண்டல் அதன் அடியில் படிகின்றது; படிந்த அளவுக்கு நீர் பிடிக்கும் இடம் குறைகின்றது. ஆறு எத்தனையோ தலைமுறையாய்ச் சேர்த்த மணலையோ லாரிக்காரன் ஒரு மணி நேரத்தில் அள்ளிப் போகின்றான். பிறகு கிணறு வற்றிற்று என்று கங்கையம்மனுக்குக் கூழ் ஊற்றி என்ன பிரயோசனம்?

ஆகவே தோழர்களே! மேலூரில் பெய்த மழை, அந்த வெள்ளம் வந்து சேருமுன் கீழூரில் ஒவ்வொரு வீட்டுக்கும் தெரிந்தாக வேண்டும் என்று சர்க்காரைக் கேளுங்கள். வண்டல் எவ்வளவு என்று அளந்து சொல்லச் சொல்லுங்கள். ஆற்று வயிற்றில் வீடு கட்டாதீர்கள். தீர்த்தவாரிக்கு நாள் பஞ்சாங்கத்தில் இருக்கின்றது. வெள்ளம் வரும் நேரம் அதில் இல்லை. மழை அளக்கும் கருவியில்தான் இருக்கின்றது. அதைப் பார்க்கப் பழகுங்கள் என்று கூறி முடித்துக்கொள்கின்றோம்.